கருவிலுள்ள குழந்தையின் மூளையில் குறை என்று ஸ்கேன் சொன்னால்...

ஐந்தாம் மாத ஸ்கேனில் "குழந்தையின் தலையில் நீர் இருக்கிறது" என்று சொன்னதுமே, "கலைத்துவிடலாமா ஹஜ்ரத்?" என்று கேட்டு நம்மிடம் வருகிறார்கள். மார்க்கச் சட்டம் சொல்வதற்கு முன், ரிப்போர்ட்டில் இருப்பது என்ன என்று தெரிந்தாக வேண்டும்.

அளவு என்ன?

மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் எல்லோருக்கும் உண்டு. அவற்றின் அகலம் ஸ்கேனில் 10 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் இயல்பு. 10 முதல் 12 வரை லேசான விரிவு. 15-ஐத் தாண்டினால் கடுமையானது. லேசான விரிவு மட்டும் இருந்து, வேறு குறையோ குரோமோசோம் கோளாறோ தொற்றோ இல்லையென்றால், அத்தகைய குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இயல்பாகவே வளர்கிறார்கள். கடுமையான விரிவில் வளர்ச்சிக் குறைபாட்டுக்கு வாய்ப்பு அதிகம். பிறந்த பின் நீரை வடிக்கும் குழாயை அறுவை சிகிச்சை மூலம் பொருத்த வேண்டி வரலாம். மண்டையோடும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகாத அனென்செஃபலி இவற்றிலிருந்து வேறு. அதற்குச் சிகிச்சை இல்லை.

எம்.ஆர்.ஐ. எதற்கு?

மூளைக் குறை இருப்பதாக ஸ்கேனில் சந்தேகிக்கப்பட்ட கர்ப்பங்களை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2017-இல் லான்செட் இதழில் வெளியானது. அல்ட்ராசவுண்ட் கணிப்பு 68 சதவீதம் சரியாக இருந்தது, எம்.ஆர்.ஐ.யும் சேர்ந்தபோது அது 93 சதவீதமானது. எனவே ஒரே ஸ்கேனை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

120 நாள் கணக்கு

இந்தியாவில் 2021 சட்டத்திருத்தப்படி, கடும் குறையை மருத்துவ வாரியம் உறுதிசெய்தால் 24 வாரத்துக்குப் பிறகும் கருக்கலைப்புக்கு அனுமதி உண்டு. சட்டம் அனுமதித்ததெல்லாம் மார்க்கத்தில் ஆகுமானதாகிவிடாது. மக்காவிலுள்ள ராபிதாவின் ஃபிக்ஹ் சபை 1990-இல் எடுத்த தீர்மானம் இது: 120 நாளுக்கு முன், சிகிச்சை இல்லாத கடும் குறையை நம்பகமான மருத்துவர் குழு உறுதிசெய்து, பெற்றோரும் கேட்டால் கலைக்கலாம், அதன் பின், தாயின் உயிருக்கு ஆபத்து உறுதியானால் மட்டுமே.

மருத்துவர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணுவதால், 120 நாள் என்பது அவர்கள் கணக்கில் ஏறத்தாழ 19 வாரம். ஐந்தாம் மாத ஸ்கேனும் அந்த எல்லையை ஒட்டியே வருகிறது. ஆகவே 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்; அனென்செஃபலி பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

அளவு எத்தனை, வேறு குறை உண்டா, எம்.ஆர்.ஐ. தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு ரிப்போர்ட்டோடு ஆலிமிடம் வாருங்கள். தாயைக் குறை சொல்லாதீர்கள். குறையோடு பிறக்கும் பிள்ளையும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமே.