தொரட்டியும் குருந்தமும்

திண்டுக்கல்லில் இருந்து எரியோடு தாண்டிக் கரூர் போகும் வழியில் உள்ள ஊர் குஜிலியம்பாறை. வானம் பார்த்த பூமி. இந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவர்களுக்குத் தொரட்டி இல்லாமல் முடியாது. நீளமான கழியின் நுனியில் கட்டிய சின்ன வளைந்த அரிவாள்தான் தொரட்டி. கிளையில் மாட்டி இழுத்தால் தழை கீழே விழும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தொரட்டியின் கூர் வளைவின் உள்பக்கம் இருக்கிறது. சமையல் கத்தியைத் தீட்டுகிற தட்டையான கல்லில் வைத்தால் அடியும் நுனியும் மட்டும்தான் கல்லைத் தொடும். நடுப்பகுதி தொடவே தொடாது! "எஸ்" எழுத்து போல வளைந்த மடக்குக் கத்திகளுக்கும் இதே தொல்லைதான்.

இதற்கு வழி என்ன? கத்தியை மாற்ற முடியாது, கல்லைத்தான் மாற்ற வேண்டும். கத்தியின் வளைவுக்குள் அடங்குகிற உருண்டையான கல் வேண்டும். அடியில் தொடங்கி நுனி வரை ஒரே சாய்வில் இழுக்க வேண்டும். மறுபக்கத்தில் விரலுக்கு மெல்லிய பிசிறு தட்டுப்பட்டால் கல் கூரைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு மறுபக்கம். கடைசியில் தோல் வாரில் இழுத்தால் பிசிறு போய்விடும்.

பனையேறிகள் இதை வேறு விதமாகச் செய்தார்கள். மரக்கட்டையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவிப் பாளை அரிவாளைத் தீட்டினார்கள். தேய்க்கத் தேய்க்கக் கட்டையே அரிவாளுக்குத் தகுந்தபடி தேய்ந்துவிடும்.

சாணை பிடிப்பவர்களிடம் இன்னொரு பொருள் இருந்தது. அதுதான் குருந்தக்கல். அதைப் பொடித்து அரக்கில் கலந்து சாணைச் சக்கரம் செய்தார்கள். கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் வைரத்துக்கு 10, குருந்தத்துக்கு 9. வெள்ளைக்கல்லுக்கு 7தான். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதி குருந்தத்துக்குப் பெயர் பெற்றது.

ஆசியாவில் இருந்து வந்த இந்தக் கல்லைப் பற்றி 1798இல் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் விரிவாக எழுதினார். ஆங்கிலத்தில் இதன் பெயர் கொரண்டம். அந்தச் சொல்லுக்கு மூலம் நம்முடைய குருந்தம்தான்!

கதை இதோடு முடியவில்லை. 1891இல் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடாக்கினார். மிகவும் கடினமான பளபளக்கும் துகள்கள் கிடைத்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று நினைத்துக் "கார்போரண்டம்" என்று பெயர் வைத்தார். அவர் நினைத்தது தவறு. அது சிலிக்கன் கார்பைடு. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது. 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது.

இரும்புக் கடைகளில் படகு வடிவத்தில் ஒரு கார்போரண்டம் கல் விற்பார்கள். இரண்டு முனையும் குறுகி, ஓரங்கள் உருண்டு இருக்கும். தொரட்டியின் உள்வளைவுக்குச் சரியாகப் பொருந்தும். அதை ஏதோ சீமைக் கல் என்று வாங்கிப் போகிறவர் அநேகம் பேர். நம் ஊரில் இருந்து கப்பல் ஏறிப் போன சொல், கொஞ்சம் உருமாறி, விலைச்சீட்டோடு திரும்பி வந்திருக்கிறது.

அடுத்த முறை கத்தி தீட்டும்போது அந்தக் கல்லின் பெயரை ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள் நண்பர்களே. உள்ளே குருந்தம் கேட்கும்.