பிள்ளையைப் பிரிக்காத வைத்தியம்

போன வருஷம் அக்காவுக்குப் பிரசவமாகி மூணு வாரம் இருக்கும். ராத்திரியெல்லாம் அழுகை. "இது என் பிள்ளை மாதிரியே இல்லடா"ன்னு என்கிட்ட சொன்னா. வீட்டுப் பெரிசுங்க உடனே, குழந்தையைக் கொஞ்ச நாள் அத்தை வீட்டுல விடலாம்னு முடிவு கட்டிட்டாங்க. மனநல டாக்டர்தான் பிரிக்கவே வேண்டாம்னார். ஏன்னு தேடிப் படிச்சப்போ சிக்கினது இந்தக் கதை.

பாரிஸில் லூயி விக்டர் மார்சேன்னு ஒரு டாக்டர், பிரசவத்தை ஒட்டி வரும் மனநோய் பற்றி 1858-லேயே தனிப் புத்தகம் எழுதிட்டார். அப்போ அவருக்கு வயசு 30. (நாம அந்த வயசுல பக் ஃபிக்ஸ் பண்ணிட்டு இருக்கோம்!) ஆனாலும் ஆஸ்பத்திரியில் சேர்த்தா அம்மா உள்ளே, பிள்ளை வெளியே. பெரும்பாலும் இதுதான் நடைமுறை. அப்படியே 90 வருஷம் ஓடிப்போச்சு மக்களே!

1948-ல் லண்டன் பக்கத்து காஸல் மருத்துவமனையில் தாமஸ் மெயின், சிகிச்சைக்கு வந்த அம்மாவோட பிள்ளையையும் சேர்த்துக்கிட்டார். புது மருந்தெல்லாம் ஒண்ணும் இல்லை. அம்மாவா இருக்கிறதுல கஷ்டப்படுறவளை, பிள்ளை இல்லாம எப்படிக் குணப்படுத்துறது? பிறகு பிரிட்டனில் இதுக்குன்னே தாய்-சேய் வார்டுகள் வந்தன. பெங்களூர் நிம்ஹான்ஸில் 2009-ல் ஆரம்பிச்சாங்க.

அக்காவுக்கு வார்டு வரைக்கும் போகத் தேவைப்படலை. மாத்திரை, கவுன்சிலிங், பக்கத்துலயே பிள்ளை. நேத்து போன்ல, பல்லு முளைச்சிடுச்சுடான்னு அரை மணி நேரம் பேசினா.