இறால் கோதுக்கும் ஒரு வரலாறு உண்டு

ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்றுப் பக்கம் நாம் இறாலை உரித்துவிட்டுக் கோதைக் குப்பையில் வீசுகிறோம். அதற்குள் இருப்பது கைற்றின். 1811இல் பிரான்சில் அன்றி பிராக்கோனோ இதை முதலில் காளானிலிருந்து பிரித்தெடுத்தார். 1859இல் சார்ள்ஸ் ரூஜே அதைக் கடும் காரத்தில் கொதிக்கவைத்தார், கைற்றோசான் கிடைத்தது.

மென்னமிலத்தில் கரைத்தால் கைற்றோசான் நேரேற்றம் பெறும். கலங்கல் நீரிலுள்ள களித்துணிக்கைகளுக்கு மறையேற்றம். இரண்டும் ஒட்டித் திரண்டு அடியில் படிய, நீர் தெளியும். செங்குருதிக் கலங்களின் மேற்பரப்பிலும் மறையேற்றமே. அவற்றையும் இது ஒட்டித் திரளச் செய்யும். இதில் செய்த காயக்கட்டு 2002இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, போர்க்களத்தில் குருதிப்பெருக்கை நிறுத்த உதவியது.

இரத்தம் போயே உயிர்கள் பிரிந்த காலத்தைக் கண்ட நமக்கு அதன் பெறுமதி தெரியும். கோது நம்மிடம் இருக்கிறது, இரசாயனம் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துவைப்பது நம் பொறுப்பு.