முல்லர் எழுதாத நூல்

1914 செப்டம்பரில், கல்கத்தாவுக்கு வந்துபோகும் வணிகக் கப்பல்களை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வங்கக் கடலில் வேட்டையாடியது. அதன் தளபதி கார்ல் ஃபொன் முல்லர். தேயிலை ஏற்றிச் சென்ற ‘டிப்ளமட்’ மூழ்கடிக்கப்பட்டது, ‘கபிங்கா’ விடுவிக்கப்பட்டது. கபிங்காவின் சரக்கு அன்று நடுநிலை வகித்த அமெரிக்கர்களுடையது. கப்பல் தலைவரின் மனைவியும் குழந்தையும் அதில் இருந்தனர். பிடிபட்ட மற்றக் கப்பல்களின் மாலுமிகளும் அதிலேயே ஏற்றி அனுப்பப்பட்டனர். பிரியும்போது அவர்கள் எம்டனை நோக்கி வாழ்த்தொலி எழுப்பினர்.

செப்டம்பர் 22 இரவு, எம்டனின் குண்டுகளால் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கலன்கள் எரிந்தன. நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் ‘சிட்னி’ எம்டனை வீழ்த்தியது. 130க்கும் மேற்பட்ட எம்டன் வீரர்கள் மாண்டனர்.

துணைத்தளபதி ஹெல்முட் ஃபொன் மூக்கே நூல்கள் எழுதிப் புகழ்பெற்றார். முல்லரோ, அது மாண்ட தோழர்களின் குருதியைக் காசாக்குவதாகும் எனக் கருதி நினைவுநூல் எழுத மறுத்தார், 1923இல் மறைந்தார்.

அவர் எழுதாததைத் தமிழ் ஒரே சொல்லில் எழுதிக்கொண்டது. சாமர்த்தியமும் தந்திரமும் மிக்கவரை இன்றும் ‘எம்டன்’ என்கிறோம். அச்சொல் சென்னையின் அச்சத்தையும் வியப்பையும் காத்தது. வங்கக் கடலில் அவர் காட்டிய கருணை அதில் ஏறவில்லை. மக்கள் நாவில் நிலைத்ததைச் சொல் சொல்லும்; நிலைக்காததைச் சொல்ல ஆவணமே வேண்டும்.