எடை குறைப்பு அறுவை சிகிச்சை: அப்பத்தாவின் பயமும் அயோவா டாக்டரும்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் உத்தமபாளையம் பக்கம். வெடி வெடித்ததை விட வீட்டுக்குள் நடந்த வாக்குவாதம்தான் சத்தமாக இருந்தது. விஷயம் இதுதான். என் அத்தைக்கு உயரம் ஐந்தடி, எடை 104 கிலோ. சர்க்கரை வந்து ஏழு வருடம் ஆகிறது. மூட்டு வலியால் மாடிப்படி ஏற முடியாது. ராத்திரி தூக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று மூச்சு நின்று போகும், பிறகு திணறிக்கொண்டு வரும். மதுரையில் பார்த்த டாக்டர், "எடை குறைக்கிற ஆபரேஷன் பண்ணிக்கலாம். வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

அப்பத்தா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "வயித்துல கத்தி வச்சா ஆளு உருகிருவா. எங் கொழுந்தனப் பாத்தேன்ல!"

அந்தக் கொழுந்தன் என் சின்னத் தாத்தா. 1960களில் அவருக்கு அல்சர். மதுரையில் வயிற்றில் ஆபரேஷன் செய்தார்கள். வலி போய்விட்டது, ஆனால் போன உடம்பு திரும்பவே இல்லை. நாலு வாய் சாப்பிட்டதும் போதும் என்று எழுந்துவிடுவாராம். எழுபது வயது தாண்டி வாழ்ந்தும் கடைசி வரை ஒல்லிக்குச்சிதான். வீட்டில் எல்லோரும் அப்பத்தாவைப் பார்த்துச் சிரித்தோம். நானும்தான்.

சென்னைக்குத் திரும்பிய பிறகு இந்த ஆபரேஷனின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்து முடித்ததும் சிரித்ததற்காக வெட்கமாகப் போய்விட்டது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் நண்பர்களே.

பசித்த பள்ளத்தாக்கு

முதலில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே வாட்டிய பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக் கிழக்கே திருப்புவது அதற்கும் வெகு காலம் முந்திய யோசனை. ஆனால் வேலை ஆரம்பித்தது பஞ்சத்துக்குப் பிறகு, 1887ல். 1895ல் பென்னிகுவிக் அணையை முடித்தார். இன்றைக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரில்தான். பொங்கலன்று அவர் படத்துக்கு மாலை போடுவது சும்மா இல்லை. வயிறு நிறைந்த நன்றி அது.

அப்படி வயிறு நிறைவதே பெரிய விஷயமாக இருந்த தமிழ்நாட்டில் இன்றைய நிலை என்ன? தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2015-16ல் நம் மாநிலப் பெண்களில் 100க்கு 31 பேர் அதிக எடை உள்ளவர்கள். 2019-21ல் அது 40 ஆகிவிட்டது. ஆண்களில் 28லிருந்து 37. அத்தை சின்ன வயதில் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் பறிக்கப் போனவர். இன்று மளிகைக் கடையில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லை. சோறு அதே மூன்று வேளைச் சோறு. மாறியது வேலைதான்.

எவரெஸ்ட் ஏறியவர் நெய்யூரில்

சரி, வயிற்றுக்கு வருவோம். 1881ல் வியன்னாவில் பில்ராத் என்ற டாக்டர் புற்றுநோய் வந்த இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தைக் குடலோடு தைத்தார். அவருக்கு முன்னால் இதைச் செய்து பார்த்த இருவரின் நோயாளிகளும் பிழைக்கவில்லை. பில்ராத்தின் நோயாளி பிழைத்தார், ஆனால் சில மாதங்கள்தான். அடுத்த எழுபது எண்பது வருடங்களில் இந்த வகை ஆபரேஷன்கள் அல்சருக்கு வழக்கமான வைத்தியம் ஆகிவிட்டன.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு சுவாரசியமான அத்தியாயம் உண்டு. ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய டாக்டர் 1922ல் எவரெஸ்ட் ஏற வந்த குழுவில் இருந்தார். மலை இறங்கியதும் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் கூட்டம் கூட்டமாகக் காத்திருப்பதைக் கண்டு லண்டனில் காத்திருந்த நல்ல எதிர்காலத்தை விட்டுவிட்டு அங்கேயே வேலைக்கு வந்துவிட்டார். 1924ல் மறுபடி எவரெஸ்ட் போய் ஏறத்தாழ 28,000 அடி வரை ஏறிவிட்டுத் திரும்பவும் நெய்யூர்! அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் 1956ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அந்தப் பகுதி ஏழைகளிடம் முன்சிறுகுடல் புண் மிக அதிகமாக இருந்தது. புண் இருக்கும் இடத்தைத் தொடாமல், இரைப்பையை நேரே சிறுகுடலோடு இணைத்து உணவுக்கு மாற்றுப் பாதை போடும் ஆபரேஷனைச் சோமர்வெல் ஏராளமானவர்களுக்குச் செய்தார். பிற்காலத்தில் வேலூர் சி.எம்.சி.யிலும் பணியாற்றினார்.

அந்த மாற்றுப் பாதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவது அதுதான்.

அயோவா டாக்டர் கண்டது

1954ல் அமெரிக்காவில் மின்னசோட்டா டாக்டர்கள் எடை குறைப்பதற்காகக் குடலில் ஒரு குறுக்கு வழி போட்டார்கள். சிறுகுடலின் பெரும்பகுதியை விலக்கிவிட்டால் சாப்பிட்டது உடம்பில் சேராது என்பது கணக்கு. எடை குறைந்தது உண்மை. கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, சிறுநீரகக் கல், சத்துக் குறைவு, சிலருக்கு ஈரலே கெட்டுப்போய் மரணம். 1980களின் தொடக்கத்தில் இந்த முறையைக் கைவிட்டார்கள். எடை குறைப்பு ஆபரேஷன் என்றாலே ஆபத்து என்ற பேரில் பெரும்பங்கு இதிலிருந்து வந்ததுதான்.

இதற்கிடையில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை நிபுணர் ஒன்றைக் கவனித்தார். அல்சருக்காக இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இளைத்துப் போகிறார்கள், பிறகு எடை ஏறுவதும் இல்லை. எல்லோரும் இதை ஒரு பக்கவிளைவாகப் பார்த்தார்கள். மேசன் மட்டும், பருமனால் சாகிறவர்களுக்கு இதுவே மருந்தாகாதா என்று யோசித்தார். 1966ல் இரைப்பையின் மேல்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து நேரே சிறுகுடலோடு இணைத்தார். இன்றைய 'கேஸ்ட்ரிக் பைபாஸ்' அப்படிப் பிறந்ததுதான்.

இப்போது புரிகிறதா நான் ஏன் வெட்கப்பட்டேன் என்று? வயிற்றில் கத்தி வைத்தால் ஆள் உருகிவிடுவான் என்று அப்பத்தா சொன்னதும், மேசன் கண்டுபிடித்ததும் ஒரே விஷயம்! அப்பத்தா ஒல்லியான கொழுந்தனைப் பார்த்துப் பயந்தார். மேசன் பருமனான நோயாளியைப் பார்த்து யோசித்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பயத்தையும் எடை போடுவோம்

அப்படியானால் பயப்படவே வேண்டாமா? வேண்டும். ஆனால் எதற்கு எவ்வளவு என்று தெரிந்து பயப்பட வேண்டும்.

முதல் பயம், மேசை மேலேயே உயிர் போய்விடுமோ என்பது. அமெரிக்காவில் 1997 முதல் 2002 வரை மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 100க்கு 2 பேர் 30 நாளுக்குள் இறந்தார்கள். 65 வயது தாண்டியவர்களில் 100க்கு கிட்டத்தட்ட 5. அதிகம் செய்து பழகாத டாக்டர்களிடம் மரணம் அதிகம் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆனால் 2009ல் வந்த இன்னொரு ஆய்வில், அனுபவமுள்ள பத்து மையங்களில் 4,776 நோயாளிகளைப் பார்த்தபோது அது 1000க்கு 3தான். வயிற்றைக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபி வந்ததும் ஒரு காரணம். 1994 முதல் பைபாஸை அப்படிச் செய்கிறார்கள். ஆக, ஆபரேஷனின் பெயரைச் சொன்னால் மட்டும் ஆபத்து தெரியாது. யார் செய்கிறார், எங்கே செய்கிறார், யாருக்குச் செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது.

இரண்டாவது பயம், தையல் போட்ட இடத்தில் கசிவு, ரத்தக் கசிவு, காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவது. இவை குறைவாகத்தான் நடக்கின்றன, ஆனால் நடக்கின்றன. நடந்தால் உடனே கண்டுபிடித்து மறுபடி உள்ளே போகத் தயாராக ஆளும் தீவிர சிகிச்சைப் பிரிவும் வேண்டும்.

மூன்றாவதைத்தான் நம் ஆட்கள் யோசிப்பதே இல்லை. ஆபரேஷன் ஒரு நாள், அதற்குப் பிறகு வாழ்வது ஆயுள் முழுக்க. இரும்பு, கால்சியம், பி12 மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் கடைசி வரை தொடர வேண்டும். விட்டுவிட்டால் ரத்தசோகை, நரம்புத் தளர்ச்சி. முடி கொட்டலாம், பித்தப்பையில் கல் வரலாம். பைபாஸ் செய்தவர்களுக்கு மது சட்டென்று ஏறும், குடிப்பழக்கம் புதிதாகப் பிடித்துக்கொள்ளவும் கூடும். சில வருடம் கழித்து எடை கொஞ்சம் திரும்பி வருவதும் உண்டு.

நான்காவது, ஆபரேஷன் செய்துகொள்ளாமல் இருப்பதன் ஆபத்து. இதை யாருமே கணக்கில் சேர்ப்பதில்லை! ஸ்வீடனில் 1987ல் தொடங்கி நாலாயிரத்துச் சொச்சம் பேரைப் பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். சராசரியாக 11 வருடம் கழித்து 2007ல் பார்த்தபோது ஆபரேஷன் செய்தவர்களில் 100க்கு 5 பேர் இறந்திருந்தார்கள், செய்யாதவர்களில் 6.3. அதே ஆய்வின் 2020ம் வருடக் கணக்குப்படி ஆபரேஷன் செய்தவர்கள் சுமார் 3 வருடம் அதிகம் வாழ்ந்தார்கள். ஆனால் பொதுவான மக்களை விட இன்னும் ஐந்தரை வருடம் குறைவுதான். பலன் உண்டு, அற்புதம் இல்லை.

நம் நாட்டில்

2011ல் நிதின் கட்கரி மும்பையில் எடை குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்டார். அதன் பிறகும் பல வருடம் மத்திய அமைச்சராக ஓடியாடி வேலை பார்த்தார். 2014 செப்டம்பரில் அருண் ஜெட்லி சர்க்கரை நோய்க்காக டெல்லியில் பைபாஸ் செய்துகொண்டார். அவருக்குத் தொற்று ஏற்பட்டு எய்ம்ஸில் சேர வேண்டியிருந்தது. ஆனாலும் அடுத்த பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் பட்ஜெட் வாசித்தார். பணமும் பதவியும் இருந்தாலும் சிக்கல் வரலாம் என்பதற்கு அவர் உதாரணம், சிக்கல் வந்தாலும் சரியான இடத்தில் கவனித்தால் மீளலாம் என்பதற்கும் அவரே உதாரணம்.

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரான பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்துபோனார். தமிழக அரசு விசாரணைக் குழு அமைத்தது. அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. எங்கள் வீட்டில் டிவியில் அந்தச் செய்தியைப் பார்த்த அன்றே அப்பா முடிவு செய்துவிட்டார், ஆபரேஷன் கூடாது என்று.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'பம்பரக் கண்ணாலே' படத்தில் நடித்த ஆர்த்தி அகர்வால் 2015ல் அமெரிக்காவில் இறந்தபோது, சில வாரம் முன்பு அவர் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்டதாகச் செய்தி வந்தது. அது வேறு, இது வேறு. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை உறிஞ்சுவது அழகுக்காகச் செய்வது. அதனால் சர்க்கரை நோய் குணமாகாது. எங்கள் தெருவில் இரண்டையும் ஒன்றாகத்தான் பேசுகிறார்கள்.

ஊசி வந்துவிட்டதே?

ஒரு காலத்தில் ஊரெல்லாம் நடந்த அல்சர் ஆபரேஷன் இன்று எங்கே? 1980களில் மார்ஷலும் வாரனும் பெரும்பாலான அல்சருக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று காட்டினார்கள். 2005ல் நோபல் பரிசும் வாங்கினார்கள். மாத்திரை வந்தது, கத்தி அபூர்வமாகிவிட்டது. எடைக்கும் அப்படி நடக்கலாம். பசியைக் குறைக்கும் ஊசிகள் 2025ல் இந்தியாவுக்கு வந்தன. வந்த புதிதில் மாதச் செலவு பத்தாயிரத்தைத் தாண்டியது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. இன்னும் நல்ல மருந்து வரட்டும் என்று காத்திருக்கலாமா? இளவயதுக்காரர் ஒருவேளை காத்திருக்கலாம். தூக்கத்தில் மூச்சு நிற்கிறவர் எவ்வளவு நாள் காத்திருப்பது?

அத்தையின் பயம்

பொங்கலுக்கு மறுபடி ஊருக்குப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாகுறதுக்கு எனக்குப் பயமில்லப்பா. ஆபரேஷன் பண்ணிட்டா கல்யாண வீட்ல எல்லாரோடயும் பந்தியில உக்கார முடியுமா? ரெண்டு வாய் தின்னுட்டு எந்திரிச்சா ஏதோ கோவம்னு நெனப்பாகளே?" என்றார். இவ்வளவு படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை! எந்த ஆய்விலும் அதற்குப் பதில் இல்லை.

நாங்கள் ஒரு தாளில் கேள்விகள் எழுதினோம். டாக்டர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்? அவர்களில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது? ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது ஆனால் யார் வருவார்? ஐந்து வருடம் கழித்தும் யார் பார்ப்பார்? மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் வருடத்துக்கு எவ்வளவு ஆகும்? இவற்றுக்கு நேரான பதில் வரும் இடமாக இருந்தால் மட்டும் மேற்கொண்டு பேசுவது என்று முடிவு. கடைசிக் கேள்வியாகப் பந்தி விஷயத்தையும் அத்தை சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

அத்தை இன்னும் முடிவு செய்யவில்லை. செய்துகொண்டாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, இப்போது அது அவர் முடிவு. டிவி செய்தி எடுத்த முடிவு இல்லை.

அப்பத்தாவிடம் அயோவா டாக்டர் கதையையும் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டவர், "அப்ப நாஞ் சொன்னது சரிதான?" என்றார். சரிதான் அப்பத்தா.