ஸ்காட்லாந்தின் சிறு வாலைகள்

மக்கள் சட்டத்தை மீறுவது ஏன்? மக்கள் தீயவர் என்பதனாலா? சட்டம் அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருப்பதனாலா? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர், ஸ்காட்லாந்தின் வடபால் மலைப்பகுதியில் சாராயம் காய்ச்சியோர் வரலாற்றை நோக்குதல் நலம்.

அப்பகுதிக் குத்தகைக் குடியானவன் விளைவித்தது வாற்கோதுமை. கரடுமுரடான மலைவழியில் தானிய மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டு செல்லுதல் அரிது. அதனையே வாலையிலிட்டு வடித்தால் சுமை குறையும்; விலை கூடும். எஞ்சிய சக்கை பனிக்காலத்தில் மாட்டுக்குத் தீனியாகும். கையில் வரும் காசு நிலக்கிழாரின் குத்தகையைத் தீர்க்கும். 'விஸ்கி' என்னும் பெயரே கேலிக் மொழியில் 'உயிர்நீர்' எனப் பொருள்படும் தொடரின் சிதைவாகும். ஆகவே, ஏரும் எருதும் போல வாலையும் அவனுக்குத் தொழிற்கருவியே.

வரிமேல் வரி

ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் சாராயத்திற்கு முதன்முதல் தீர்வை விதித்தது 1644ஆம் ஆண்டில். 1781இல் வீட்டுத் தேவைக்குக் காய்ச்சுவதும் தடுக்கப்பட்டது. 1784ஆம் ஆண்டுச் சட்டமோ மலைப்பகுதிக்கும் தாழ்நிலத்திற்கும் இடையே எல்லைக்கோடு வகுத்து, இரண்டிற்கும் வெவ்வேறு விதிகளை வைத்தது.

பின்னர்த் தாழ்நிலத்தில், வடித்த அளவிற்கன்றி வாலையின் கொள்ளளவிற்கே ஆண்டு வரி வாங்கினர். ஆலையினர் ஆழமற்ற, அகன்ற வாலைகளைச் செய்து, ஓயாது விரைந்து காய்ச்சினர். அரசும் விடவில்லை. 1786இல் கேலனுக்கு ஒன்றரைப் பவுனாக இருந்த வரி 1797இல் 54 பவுனாயிற்று. விரைவில் வடித்த சரக்கு காரமும் கசப்பும் மிகுந்திருந்தது. மலையில் மறைவாக, மெல்ல வடித்த சரக்கையே மக்கள் நாடினர். சட்டத்திற்கு உட்பட்டது கெட்டது. புறம்பானது சிறந்தது என்னும் விந்தை நிலை இவ்வாறு உருவாயிற்று.

1814இல் வந்த சட்டம், மலைப்பகுதியில் 500 கேலனுக்குக் குறைந்த வாலை கூடாது என்றது. அத்துணைப் பெரிய வாலைக்கு இட ஒரு பெரிய மாவட்டத்தின் மிகுதித் தானியமும் போதாது; எனவே இது ஒழுங்கன்று, தடையே என்று படைத்தலைவர் டேவிட் ஸ்டூவர்ட் 1822இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். 1816இல் அளவு 40 கேலனாகக் குறைக்கப்பட்டது; ஆயினும் தீர்வைச் சுமை மிகுந்தே இருந்தது.

மறைவில் எரிந்த அடுப்பு

தீர்வை அதிகாரிகள் குன்றுதோறும் தேடினர். பிடிபட்டவனை விசாரித்த நீதிபதியோ பெரும்பாலும் அவனுடைய நிலக்கிழாரே. கடுந்தண்டனை விதித்தால் தமக்குவரும் குத்தகையன்றோ குறையும்! கள்ள வாலையைக் காட்டிக் கொடுத்தால் ஐந்து பவுன் பரிசு என்றனர். தேய்ந்துபோன செப்புச் சுருள்குழாயைத் தாமே காட்டிக் கொடுத்து, அப்பரிசுப் பணத்தில் புதுக்குழாய் வாங்கியோர் உண்டெனக் கதை கூறுவர். 1822இல் எடின்பரோவுக்கு வந்த நான்காம் ஜார்ஜ் மன்னரும் கிளென்லிவெட் பள்ளத்தாக்கின் சரக்கையே விரும்பிக் குடித்தார் என எலிசபெத் கிராண்ட் அம்மையாரின் நினைவுக் குறிப்பு கூறுகிறது. அரசர் பெயரால் தடுக்கப்பட்டது அரசர் மேசைக்கே வந்தது!

1823ஆம் ஆண்டுச் சட்டம்

இறுதியில் விசாரணைக் குழு ஒன்று உண்மையைக் கண்டது. 1823இல் புதுச் சட்டம் பிறந்தது. ஆண்டுக்குப் பத்துப் பவுன் கட்டி, 40 கேலனுக்குக் குறையாத வாலை வைத்திருப்போர் உரிமம் பெறலாம். கேலனுக்கு ஆறு ஷில்லிங்குக்கு மேலிருந்த தீர்வை பாதிக்கும் கீழாயிற்று.

1824இல் கிளென்லிவெட்டில் முதல் உரிமம் பெற்றவர் ஜார்ஜ் ஸ்மித் என்னும் குடியானவர். அக்கம்பக்கத்தார் அவரை இனத்துரோகியாகக் கருதி, ஆலையைக் கொளுத்துவதாக மிரட்டினர். அவர் பல ஆண்டுகள் இடுப்பில் கைத்துப்பாக்கியுடனே நடமாடினார். ஆனால், காலம் அவர் பக்கம் நின்றது. 1823இல் ஏறத்தாழ 14,000 ஆக இருந்த கள்ள வாலை வழக்குகள் 1834இல் 692 ஆகச் சுருங்கின.

எனினும், இவ்வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. பத்துப் பவுனும் 40 கேலன் வாலையும் எல்லார்க்கும் இயலுவன அல்ல. சிறு குடிசையில் சிறு கொப்பரை வைத்திருந்த ஏழை, உரிமக்காரனாகவும் ஆகவில்லை. பழைய தொழிலையும் இழந்தான். சட்டத்தின் வாயில் ஓரளவு தாழ்ந்தபோது பலர் உள்ளே நுழைந்தனர். மிகச் சிறியவர் வெளியே நின்றனர். உரிமச் சட்டம் இயற்றுவோர் எண்ணிப் பார்க்க வேண்டியது, உள்ளே வந்தவர் தொகையை மட்டுமன்று. வெளியே நின்றவர் நிலையையுந்தான்.