மாட்டுக்கு ஒரு கணக்கு நோட்டு

டென்மார்க் விவசாயிக்கு 1870-கள் போதாத காலம். 1864 யுத்தத்தில் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்று, தெற்கே பெரிய நிலப்பரப்பு ஏற்கெனவே பறிபோயிருந்தது. அடுத்த அடி அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் ரயிலேறி, கப்பலேறி வந்தது. தானியம்! அப்படியொரு மலிவு. உள்ளூர் விளைச்சலின் விலை சரிந்தது.

சரி, மாடு வளர்ப்போம், வெண்ணெயை இங்கிலாந்துக்கு விற்போம் என்று திரும்பினார்கள். அங்கேயும் முட்டுக்கட்டை. பண்ணையார் வீட்டு வெண்ணெய்க்கு நல்ல விலை. நாலு மாடு வைத்திருப்பவரின் வெண்ணெய்க்கு அடிமாட்டு விலை. பின்னே? வீட்டுக்கு வீடு ருசி வேறு, உப்பு வேறு.

எல்லோரும் பாலை ஓரிடத்தில் கொட்டினால் என்ன? முடியாது சார். அப்போதெல்லாம் பாலை அகலமான பாத்திரத்தில் ஊற்றி, ஏடு தானாக மிதந்து வரும்வரை மணிக்கணக்கில் அசையாமல் வைக்க வேண்டும். வண்டியில் குலுங்கி வந்த பாலில் ஏடு ஒழுங்காகக் கட்டாது.

முடிச்சை அவிழ்த்தது ஒரு மெஷின். 1878-ல் ஸ்வீடன்காரர் குஸ்தாஃப் டி லாவல் செய்த செபரேட்டர். சுற்றுகிற வேகத்தில் பால் தனி, கிரீம் தனி. யார் வீட்டுப் பால் என்று அது கேட்கவில்லை.

1882-ல் மேற்கு ஜட்லாந்தில் யெடிங் என்ற குக்கிராமத்தில் விவசாயிகள் கூட்டாகக் கடன் வாங்கி, கூட்டாகவே ஜாமீன் நின்று வெண்ணெய் ஆலை தொடங்கினார்கள். லாபம், ஊற்றிய பாலுக்குத் தக்கபடி. ஓட்டு? ஆளுக்கு ஒன்று. தொழுவத்தில் இருபது மாடு நின்றாலும் ஒன்று, ஒற்றை மாடு நின்றாலும் ஒன்று! கிரீம் எடுத்த பால் வீட்டுக்கே திரும்பி வந்து பன்றிக்குத் தீனியானது. 1887-ல் ஜெர்மனி உயிருள்ள பன்றிகளை வாங்க மாட்டேன் என்று கதவைச் சாத்தியது. அதே வருஷம் ஹார்சென்ஸில் கூட்டுறவு பன்றி இறைச்சி ஆலை வந்துவிட்டது. 1900-க்குள் நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டுறவு வெண்ணெய் ஆலைகள்.

நடுவில் தில்லுமுல்லும் இல்லாமல் இல்லை. அளவுக்குக் காசு கொடுத்தால் கிணற்றிலும் பால் சுரக்கும், எந்த ஊராக இருந்தாலும்! பிறகு கொழுப்புச் சத்தைப் பார்த்து விலை போட்டார்கள்.

பி.காம்.காரனான எனக்குப் பிடித்த வருஷம் 1895. வையென் என்ற ஊரில் விவசாயிகள் சேர்ந்து, மாட்டுக்கணக்குப் பார்க்கவே சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள். அவர் முறைவைத்து வீடு வீடாகப் போவார். இந்த மாடு எவ்வளவு தின்றது, எவ்வளவு கறந்தது, அதில் கொழுப்பு எவ்வளவு... ஒவ்வொரு மாட்டுக்கும் தனிப் பேரேடு! நாலு மாட்டுக்காரருக்கு அதில் ஒன்று தண்டச்சோறு என்று தெரிந்தால், கால்வாசித் தொழுவம் நஷ்டத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். நிலத்தை ஓர் அடிகூட விரிக்காமல் வருமானத்தைக் கூட்ட முடிந்தது இப்படித்தான். காஸ்ட் அக்கவுன்டிங் வகுப்பில் நான் தூங்கி வழிந்த பாடம் இதுதான்.

யெடிங் ஆலை இப்போது மியூசியம். இன்றைய டென்மார்க்கில் ஒரு பால் பண்ணைக்குச் சராசரியாக 200 மாடுகளுக்கு மேல். கூட்டுறவு இன்னும் இருக்கிறது. நாலு மாட்டுக்காரர்தான் இல்லை.